ஆறாம் அத்தியாயம்: டயரும் உஷ்ணமும்

வேகத்துக்கென்றே வடிக்கப்பட்ட மோட்டார் கார் ஒன்றை வாங்கியவர், அதன் என்ஜினைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார். பிரேக்கின் பெருமையையும் விஸ்தாரமாகச் சொல்வார். ஆனால் அந்த என்ஜினின் சக்தியும் அந்தப் பிரேக்கின் பிடியும் தரையைப் போய்ச் சேருகிற இடம், சக்கரம் ஒன்றுக்கு உள்ளங்கையளவே உள்ள ரப்பர்ப் பரப்புத்தான் என்பதை, பந்தயத் தளத்தின் வளைவொன்றில் கார் தன் போக்கில் நழுவத் தொடங்கும் அந்தக் கணம் வரையில் அவர் பெரும்பாலும் நினைத்துப் பார்ப்பதில்லை. என்ஜினுக்குச் செலவிடும் சிரத்தையில் பாதியை டயருக்குச் செலவிட்டால் போதும். காரும் பிழைக்கும், ஆளும் பிழைப்பார்.

இந்த விஷயத்தைப் பற்றிய கைந்நூல்களில் பெரும்பாலானவை இங்கிலாந்து, ஜெர்மனி முதலிய குளிர்ப் பிரதேசங்களில் எழுதப்பட்டவை. காலைப் பனியில் விறைத்துக் கிடக்கும் டயரை எப்படிச் சூடேற்றுவது என்பதே அங்குள்ளவர்களின் முதற்கவலையாதலால், அந்நூல்களும் அந்தக் கவலையிலிருந்தே தொடங்குகின்றன. சித்திரை, வைகாசி மாதங்களில் தார்ப்பரப்பின் உஷ்ணம் 55 டிகிரியைத் தாண்டுவது சகஜமாக உள்ள நம் ஊரில், டயர் சூடேறுவதற்கு யாரும் பாடுபட வேண்டியதில்லை. ஏறிய சூடு எல்லை மீறாமல் காப்பதுதான் நம்முடைய காரியம். எந்த டயரை வாங்குவது, எவ்வளவு காற்று அடிப்பது, எத்தனை சுற்று ஓட்டிவிட்டு இறங்குவது, வீட்டில் எங்கே வைப்பது ஆகிய எல்லாக் கேள்விகளுக்கும் நான் இங்கே சொல்லப்போகும் விடைகள் இந்த ஒரு கவலையிலிருந்து பிறந்தவை.

வடசென்னையில் வாழ்கிறவனுக்கு இவ்விஷயத்தில் தனி உரிமையே உண்டென்று நான் கருதுகிறேன். எங்கள் மூலக்கொத்தளத்திலிருந்து வடக்கே சில மைல் சென்றால் வரும் திருவொற்றியூரில், 1946-ஆம் ஆண்டில் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை ஒரு சிறு கொட்டகையில் பொம்மைப் பலூன் செய்யத் தொடங்கி, 1952-இல் தேய்ந்த டயரின்மேல் ஒட்டும் டிரெட் ரப்பரில் இறங்கி, அறுபதுகளின் தொடக்கத்தில் முழு டயரையே வார்த்தெடுக்கும் நிலைக்கு உயர்ந்த வரலாறே எம்.ஆர்.எஃப். கம்பெனியின் வரலாறு. செங்குன்றத்துக்கு அப்பால் சோழவரத்தில், இரண்டாம் உலக யுத்த காலத்து விமான ஓடுபாதையில், 1953-இல் ஸ்தாபிதமான மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல்லாண்டுகள் பந்தயம் நடத்தியபோது, அந்த இரைச்சலைக் கேட்கத் திரண்ட கூட்டத்தில் எங்கள் பகுதி மெக்கானிக்குகளும் இருந்தார்கள். 1990-இல் அதே கிளப் இருங்காட்டுக்கோட்டையில் சுமார் 3.7 கிலோமீட்டர் நீளமும் 12 வளைவுகளும் கொண்ட நிரந்தரத் தளத்தை அமைத்தது. கோயம்புத்தூருக்கு அருகே கரி மோட்டார் ஸ்பீட்வே பின்னர் வந்தது. 2024 ஆகஸ்டு 31, செப்டம்பர் 1 ஆகிய தேதிகளிலோ, தீவுத்திடலைச் சுற்றியுள்ள சாலைகளே 3.5 கிலோமீட்டர் இரவுப் பந்தயத் தளமாகிவிட்டன. சொந்தக் காரைத் தளத்தில் ஓட்டிப் பார்க்க விரும்புகிறவர் இப்போது முதலில் போய்ச் சேருவது இருங்காட்டுக்கோட்டைக்கே; ஆகையால் இங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அந்தத் தளத்துக்குத் தம் காரிலேயே போய், அதே டயரில் ஓட்டி, அதே டயரில் வீடு திரும்பும் ஒருவரை மனத்தில் வைத்தே இவ்வத்தியாயத்தை எழுதுகிறேன்.

டயரின் பக்கச்சுவரில் அச்சிட்டிருக்கும் எழுத்துகளை வாசிக்கப் பழகுவது முதற்படி. 225/45 ஆர்17 94டபிள்யூ என்றிருந்தால், அகலம் 225 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் 45 சதவீதம், ரேடியல் கட்டுமானம், 17 அங்குல ரிம் என்று பொருள். 94 என்பது சுமைக் குறியீடு. அந்த டயர் ஒன்று 670 கிலோ வரை தாங்கும். கடைசி எழுத்து வேகக் குறியீடு: எச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர், வி என்றால் 240, டபிள்யூ என்றால் 270, ஒய் என்றால் 300. நம் தளத்தில் எவரும் 270-இல் போகப்போவதில்லையே, மலிவான எச் வகை போதாதா என்று கேட்பவர் உண்டு. வேகக் குறியீடு உயர்ந்த டயர் அதிக உஷ்ணத்தைச் சிதையாமல் தாங்கும்படி உள்ளே வலுவாகக் கட்டப்பட்டது. நாம் அதற்காக விலை கொடுப்பது வேகத்துக்காக அன்று, அந்தத் தாங்கும் சக்திக்காக. காரின் கையேட்டில் கண்ட குறியீட்டுக்கு ஒரு படிகூடக் கீழே இறங்கக் கூடாது.

இதற்கடுத்துப் பார்க்க வேண்டியது டிரெட்வேர் என்ற எண். எண் குறையக் குறைய ரப்பர் மிருதுவாகும், பிடிப்பு கூடும், ஆயுள் குறையும் என்று பொதுவாகக் கொள்ளலாம். ஆனால் இந்த எண்ணை ஒவ்வொரு கம்பெனியும் தானே பரிசோதித்துப் போட்டுக்கொள்வதால், இரு கம்பெனிகளின் எண்களை நேருக்குநேர் ஒப்பிடுவதில் பிரயோஜனம் குறைவு. குடும்பக் காரின் டயரில் இது 400-க்கு மேலும் இருக்கும். மிஷ்லின் பைலட் ஸ்போர்ட் 4 எஸ் போன்ற வேகக் கார்களின் சாலை டயரில் 300. அதே கம்பெனியின் ஸ்போர்ட் கப் 2, தளத்தையும் சாலையையும் சேர்த்து நினைத்துச் செய்யப்பட்டது, அதில் 180. டோயோ ஆர்888ஆர் போன்ற செமி ஸ்லிக்கில் 100. பள்ளமே இல்லாத முழு ஸ்லிக் டயர் சாலைக்கு உரியதன்று. அதை லாரியில் ஏற்றித் தளத்துக்குக் கொண்டுபோய் மாட்ட வேண்டும் என்பதால் அது இந்நூலின் எல்லைக்கு வெளியே நிற்கிறது.

இவற்றுள் எதை வாங்குவது? முதல் வருஷம் தளத்துக்குப் போகிறவருக்கு நான் தயங்காமல் சிபாரிசு செய்வது, 300-ஐ ஒட்டிய நல்ல சாலை டயரையே. ரப்பர் தரையைப் பிடிப்பதற்கு அது கொஞ்சம் நழுவியே ஆக வேண்டும் என்பது இந்த சாஸ்திரத்தின் ஆதார விதி. சக்கரம் பார்க்கும் திசைக்கும் கார் போகும் திசைக்கும் இடையே உள்ள சிறு கோணம் பெருகப் பெருகப் பிடிப்பும் ஏறி, ஓர் உச்சத்தைத் தொட்டு, அப்புறம் இறங்குகிறது. சாலை டயரில் அந்த உச்சம் அகன்றது. உச்சத்தை நெருங்கும்போதே டயர் கீச்சிட்டுக் கத்தும், ஸ்டியரிங் இலேசாகும், ஓட்டுகிறவர் திருத்திக்கொள்ள அவகாசம் கிடைக்கும். செமி ஸ்லிக்கோ அதிகப் பிடிப்பை வைத்துக்கொண்டு மௌனமாக இருந்து, உச்சத்தைக் கடந்தவுடன் சட்டென்று விட்டுவிடும்; அதிக வேகத்தில் விடுவதால் தவறு நேர்ந்தால் அதன் விலையும் அதிகம். மேலும், அந்தப் பிடிப்பு ஓட்டுகிறவரின் பல தவறுகளை மறைத்துவிடும்; மறைந்த தவறு திருந்துவதில்லை. சாலை டயரில் ஒரு வருஷம் பழகி, கத்தல் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று காதும் கையும் அறிந்தபின் செமி ஸ்லிக் வாங்கினால், கொடுத்த பணத்துக்கு முழுப் பலன் கிடைக்கும்.

வாங்கும்போது தேதியைப் பாராமல் வாங்கக் கூடாது. பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் உள்ள நான்கு இலக்கங்களில் முதலிரண்டும் வாரம், பின்னிரண்டும் வருஷம்; 2324 என்றால் 2024-ஆம் வருஷத்தின் 23-ஆவது வாரத்தில் செய்தது. புதிய டயர்களின் இறக்குமதியை 2020 ஜூன் முதல் மத்திய அரசு லைசென்ஸ் பெற வேண்டிய பட்டியலில் சேர்த்ததிலிருந்து, செமி ஸ்லிக் போன்ற அபூர்வ வகைகள் நம்மிடம் எளிதாகக் கிடைப்பதில்லை. கிடைக்கும் இடத்தில் பழைய சரக்கும் கலந்திருக்கும். தேடிக் கிடைத்ததே என்ற சந்தோஷத்தில் மூன்று வருஷம் கோடவுனில் கிடந்ததை வாங்கி வந்தால், பள்ளம் முழுசாக இருக்கும், ரப்பர் கெட்டித்திருக்கும். தளத்துக்கென வாங்கும் டயர் ஒரு வருஷத்துக்கு உட்பட்டதாக இருப்பது உத்தமம். நான்கும் ஒரே வகையாக இருப்பது கட்டாயம்.

இனி, காற்று. இவ்வத்தியாயத்தில் ஒரு பகுதியை மட்டும் படிக்க அவகாசமுள்ளவர் இதைப் படித்தால் போதும். மூடிய கலத்திலுள்ள காற்றைச் சூடேற்றினால் அழுத்தம் ஏறும் என்பது பள்ளிக்கூடத்துப் பாடம். காலை 30 டிகிரி உஷ்ணத்தில் டயரில் 30 பவுண்டு அடித்துத் தளத்தில் இறங்குகிறோம். சில சுற்றுகளில் உள்ளிருக்கும் காற்று 80 டிகிரியை எட்டுகிறது. வெளிக்காற்றின் அழுத்தமான 14.7 பவுண்டையும் கூட்டிக் கணக்கிட்டால், அளவுமானி இப்போது ஏறத்தாழ 37 காட்டும். கதவோரத்து ஸ்டிக்கரில் கண்ட 33 அல்லது 35-ஐ அப்படியே அடித்துக்கொண்டு இறங்கியவரின் டயரில் அது நாற்பதைத் தாண்டிவிடும். அப்போது டயர் உப்பி, நடுப்பகுதி மட்டும் தரையைத் தொட்டு, உள்ளங்கையளவுப் பரப்பும் சுருங்கி, சுருங்கிய பரப்பு மேலும் சூடேறி, கார் எண்ணெய்மேல் போவதுபோல் மிதக்கத் தொடங்கும்.

ஆகவே நாம் நிர்ணயிக்க வேண்டியது சூடான அழுத்தத்தையே. சாதாரண எடையுள்ள வேகக் காருக்குச் சாலை டயரில், சூடான நிலையில் 34 முதல் 36 பவுண்டு என்பது தொடங்குவதற்கு ஏற்ற இலக்கு. செமி ஸ்லிக்கில் அதைவிட இரண்டு மூன்று குறைவாகவும் இருக்கலாம். டயர் கம்பெனி வேறு எண் சொல்லியிருந்தால் அதுவே பிரமாணம். 35-ஐ இலக்காகக் கொண்டால், மேற்சொன்ன கணக்கின்படி குளிர்ந்த நிலையில் 28 அடித்துத் தொடங்க வேண்டும். முதல் ஓட்டத்தில் நான்கைந்து சுற்றுக்குப் பிறகு காரை நிறுத்தியவுடன், அதாவது ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கும் முன்னால், நான்கு சக்கரத்தையும் அளந்து, இலக்குக்கு மேல் உள்ளதை இறக்க வேண்டும். நான்கும் ஒன்றுபோல் ஏறியிராது. கடிகாரச் சுற்றில் ஓடும் தளத்தில் வலப்புற வளைவுகள் மிகுதியாதலால் இடப்புற டயர்கள் அதிகம் உழைத்து அதிகம் சூடேறும். அவற்றில் அதிகம் இறக்க நேரும்.

பலர் மறந்துவிடுகிற விஷயம் இதன் மறுபாதி. சூட்டில் 35-க்கு இறக்கிய டயர், மாலையில் குளிர்ந்தபின் 28-க்கும் கீழே கிடக்கும். அப்படியே பெங்களூர் நெடுஞ்சாலையில் ஏறி வேகமாக வீடு திரும்பினால், காற்றுக் குறைந்த பக்கச்சுவர் ஒவ்வொரு சுழற்சியிலும் மடங்கி மடங்கி உள்ளுக்குள்ளேயே சூடேறும். அன்றைக்கெல்லாம் தளத்தில் வாட்டப்பட்ட டயருக்கு அந்தக் கடைசி 40 கிலோமீட்டரில் நேரும் ஹானி, தளத்தில் நேர்ந்ததைவிட அதிகமாகவும் இருக்கலாம். புறப்படுமுன் காற்றை ஸ்டிக்கரில் கண்ட அளவுக்கு ஏற்றிக்கொள்ள வேண்டும். அதற்காகவே பாட்டரியில் ஓடும் ஒரு சிறு பம்பு எப்போதும் டிக்கியில் இருக்கட்டும். அளவுமானியும் சொந்தமானதாக, ஒரே ஒன்றாக இருக்க வேண்டும். பெட்ரோல் பங்கின் மானிக்கும் நம் மானிக்கும் இரண்டு பவுண்டு வித்தியாசம் இருப்பது சகஜம். எது சரி என்பதைவிட, எப்போதும் ஒன்றாலேயே அளப்பதுதான் முக்கியம்.

நம் கடற்கரைக் காற்றின் ஈரமும் கணக்கில் சேர வேண்டியதே. கம்ப்ரசர் தொட்டியில் தேங்கும் தண்ணீர் காற்றோடு டயருக்குள் போனால், சூட்டில் ஆவியாகி, கணக்குக்கு மேல் அழுத்தத்தை ஏற்றும். தொட்டியின் அடிக்குழாயைத் திறந்து நீரை வடித்துவிட்டுக் காற்று அடிக்கும் கடையைத் தேடிப் போங்கள். நைட்ரஜன் அடிப்பதன் மெய்யான லாபமும் அது உலர்ந்தது என்பதில்தான் இருக்கிறது.

டயரை அலட்சியம் செய்யக் கூடாது என்பதற்கு, நம்மவர் ஒருவர் நேரடியாகப் பங்குகொண்ட சம்பவம் ஒன்றுண்டு. 2005 ஜூன் 19-ஆம் தேதி இண்டியானாபோலிஸில் நடந்த அமெரிக்க கிராண்ட் ப்ரீ பந்தயத்துக்கு முன், வெள்ளிக்கிழமைப் பயிற்சியில், 13-ஆம் எண் வளைவில் ரால்ஃப் ஷூமாக்கரின் கார் பின்புற இடது டயர் கெட்டுச் சுவரில் மோதியது. சாய்த்துக் கட்டப்பட்ட அந்த அதிவேக வளைவின் பாரத்தைத் தங்கள் டயரின் பக்கச்சுவர் தாங்காது என்று மிஷ்லின் கம்பெனியே எச்சரித்தது. தளத்தை மாற்றுவது பற்றி உடன்பாடு ஏற்படாமற்போகவே, மிஷ்லின் டயரில் ஓடிய 14 கார்களும் முன்னோட்டச் சுற்று முடிந்தவுடன் ஒதுங்கிக்கொள்ள, பிரிட்ஜ்ஸ்டோன் டயர் பூண்ட ஆறு கார்கள் மட்டும் பந்தயம் ஓடின. அந்த ஆறில் ஜார்டன் காரை ஓட்டிய கோயம்புத்தூர் நாராயண் கார்த்திகேயன் நான்காவதாக வந்து, ஃபார்முலா ஒன்றில் புள்ளி பெற்ற முதல் இந்தியரானார். உலகத்தின் தலைசிறந்த டயர் நிபுணர்கள் தளத்திலேயே இருந்தும் ஒரு வளைவின் பாரத்துக்கு முன் வேறு வழியின்றி நின்றார்கள் என்றால், ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்காகப் போகிற நாம் ஒரு மானியைக் கையில் எடுக்கச் சோம்பலாமா?

அழுத்தத்துக்கு அடுத்தது உஷ்ணமானி. மேற்பரப்பைத் தூரத்திலிருந்தே அளக்கும் அகச்சிவப்புக் கருவி மலிவு. ஆனால் தளத்திலிருந்து மெதுவாக வந்து நிற்பதற்குள் மேற்பரப்பு குளிர்ந்துவிடுவதால், ரப்பருக்குள் நுனி செலுத்தி அளக்கும் ஊசி வகையே நம்பத்தகுந்தது. உட்புறம், நடு, வெளிப்புறம் என்று மூன்று இடங்களில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். நடு மிகச் சூடாயிருந்தால் காற்று அதிகம். இரு ஓரங்களும் சூடாயிருந்து நடு குளிர்ந்திருந்தால் காற்று குறைவு. வெளியோரம் மட்டும் காய்ந்திருந்தால், வளைவில் டயர் வெளிப்பக்கம் சரிந்து தன் தோளில் ஓடுகிறது என்று பொருள். அதற்கு மருந்து காம்பர். சக்கரத்தின் மேல்பாகம் உள்நோக்கிச் சாயும் அந்தச் சாய்வு, சாலைக் காரில் ஒரு டிகிரியை ஒட்டி இருக்கும். தளத்துக்கு இரண்டு முதல் மூன்று டிகிரி தேவைப்படும். உட்புறம் வெளிப்புறத்தைவிடச் சில டிகிரி அதிகம் காட்டினால் அது சரியான லக்ஷணமே. நல்ல சாலை டயர் 70 முதல் 90 டிகிரி வரை சௌகரியமாக வேலை செய்யும். செமி ஸ்லிக் நூறை ஒட்டியும் சமாளிக்கும். அதற்கப்பால் எந்த டயரானாலும் ஓய்வு கேட்கிறது.

கருவியில்லாமலே இதில் பாதியைச் சொல்லிவிடுகிற கைகள் எங்கள் பகுதியில் உண்டு. துறைமுகத்துக்குப் போய்வரும் கன்டெய்னர் டிரெய்லர்களுக்குப் பஞ்சர் ஒட்டியே காய்த்துப்போன கையுடைய ஒருவர், மூலக்கொத்தளத்தில் தம் கடைவாசலில் நின்ற காரின் முன்சக்கரத்தைத் திருப்பச் சொல்லி, டிரெட்டின் குறுக்கே முதலில் உள்ளிருந்து வெளியாகவும், பிறகு வெளியிலிருந்து உள்ளாகவும் மெல்லத் தடவினார். "இந்தாங்க சார், நீங்களே தடவிப் பாருங்க. இப்படிப் போனா வழவழன்னு இருக்குது, திரும்பி வந்தா கையைக் கிழிக்குது பாருங்க. காத்து ஒண்ணும் தப்பில்ல. டோ போயிருக்குது. அலைன்மென்ட் பாத்துட்டு அப்புறம் ரேசுக்குப் போங்க" என்றார். அவர் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை. ஒரு திசையில் வழவழப்பாகவும் மறு திசையில் ரம்பப்பல்லாகவும் தட்டுப்படும் டிரெட், சக்கரங்கள் ஒன்றுக்கொன்று இணையாக ஓடவில்லை என்பதற்கு நிச்சயமான அடையாளம். அப்படிப்பட்ட டயர் நேர்ச்சாலையில்கூட ஓயாமல் உரசிச் சூடேறுகிறது.

ஓட்டத்துக்குப் பின் கண்ணாலும் பார்க்க வேண்டும். மேற்பரப்பு சீரான மங்கிய கறுப்பில், மெல்லிய மணல்தாள் சொரசொரப்புடன் இருந்தால் டயர் ஆரோக்கியமாக உழைத்திருக்கிறது. தளத்தோரம் சிதறிக் கிடக்கும் ரப்பர் உருண்டைகள் சில ஒட்டியிருந்தால் கவலையில்லை. அடுத்த சுற்றில் உதிர்ந்துவிடும். சிறு சிறு மடிப்புகளாக ரப்பர் சுருண்டிருந்தால், சூடேறுமுன் அவசரப்பட்டிருக்கிறோம். நீலம் பாரித்துப் பளபளத்தாலோ, கொப்புளம் எழும்பி வெடித்துக் குழி விழுந்திருந்தாலோ, உள்ளே உஷ்ணம் எல்லை கடந்துவிட்டது. அன்றைக்கு அந்த டயரின் வேலை முடிந்தது. டிரெட் கட்டையின் ஓரத்தில் சதை பிய்ந்ததுபோல் துண்டு போயிருந்தாலும் அப்படியே. பக்கச்சுவரில் உப்பல் தென்பட்டால் வீடு திரும்பவும் அதை நம்பக் கூடாது. உட்புறத் தோளைக் குனிந்து பார்ப்பவர் குறைவு. காம்பர் வைத்த காரில் முதலில் கம்பி தெரியும் இடமே அதுதான்.

ஓட்டும் முறையிலும் டயர்ப் பராமரிப்பு அடங்கியிருக்கிறது. புது டயரை முதல்நாள் மிதமாக ஒரு முறை சூடேற்றி, ஒருநாள் ஆறவிட்டுப் பிறகு கடுமையாக ஓட்டினால் அதன் ஆயுள் கூடும். வெயில் காலத்தில் நான்கைந்து சுற்றுக்கு மேல் தொடர்ந்து விரட்டாமல், ஒரு சுற்று பிரேக்கைத் தொட்டும் தொடாமலும் நிதானமாக ஓட்டி ஆற்றிக்கொண்டு வெளியேற வேண்டும். நிறுத்தியபின் கைப்பிரேக்கை இழுக்காமல் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். சூடான பிரேக் ஓரிடத்தைக் கவ்விக்கொண்டு நின்றால் டிஸ்க் கோணும். சில நிமிஷங்கள் கழித்துக் காரைச் சற்றே நகர்த்திவைப்பது டயருக்கும் நல்லது. முடிந்தால் காலை எட்டு மணிக்குள் தொடங்கிப் பதினொன்றுக்குள் முடித்துக்கொள்ளுங்கள். உச்சிவெயிலில் கற்றுக்கொள்ளக் கூடியது அதிகமில்லை, தேய்ந்துபோகக் கூடியது மிகுதி.

புறப்படுமுன் செய்ய வேண்டிய சோதனை எங்கள் பகுதிக்காரர்களுக்கு விசேஷமாக அவசியம். பேசின் பிரிட்ஜ், துறைமுகச் சாலை, எண்ணூர் நெடுஞ்சாலை ஆகியவற்றில் லாரிகளிலிருந்து உதிரும் ஆணி, போல்ட்டு, இரும்புச் சீவல் எல்லாம் மிருதுவான ரப்பரில் எளிதில் தைக்கும். முதல் நாள் மாலையே காரை உயர்த்தி, சக்கரத்தைக் கையால் சுற்றி, பள்ளம் பள்ளமாக டார்ச் அடித்துப் பாருங்கள். திரி செருகிப் பஞ்சர் ஒட்டிய டயர் சாலைக்குப் போதும், தளத்துக்கு வேண்டாம். தேய்ந்தபின் டிரெட் ரப்பர் ஒட்டி ரீபட்டன் செய்த டயருக்கும் இதுவே தீர்ப்பு. அந்தத் தொழிலில் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. இந்நாட்டு லாரிகள் ஓடுவதே அதனால்தான். ஆனால் வளைவில் பக்கவாட்டாக இழுபடும் பாரம் அதற்கு உத்தேசிக்கப்பட்டதன்று. வால்வின் ரப்பர்த் தண்டில் வெடிப்பிருந்தால் மாற்றி, உலோக மூடி போடுங்கள். சக்கர நட்டுகளை டார்க் ரெஞ்சினால் கையேட்டில் கண்ட அளவுக்கே முறுக்கி, முதல் ஓட்டம் முடிந்து ஆறியதும் மறுபடி சரிபாருங்கள்.

மழைக்கு வேறு கணக்கு. தேய்ந்த டயர் தண்ணீர்மேல் மிதக்கத் தொடங்கும் வேகத்தை, விமானச் சக்கரங்களை ஆராய்ந்த நாசா நிபுணர்கள் காற்றழுத்தத்தோடு பொருத்திக் காட்டினார்கள். அவர்களுடைய சூத்திரத்தின்படி 30 பவுண்டுக்கு அது மணிக்கு ஏறத்தாழ 90 கிலோமீட்டர். அழுத்தம் கூடினால் அவ்வேகமும் கூடும் என்பதால், நீர் தேங்கிய தளத்தில் வெயில் காலத்தைவிட இரண்டு பவுண்டு அதிகம் வைப்பதே முறை. ஈரத்தில் டயர் அவ்வளவாகச் சூடேறுவதுமில்லை. வெயிலில் எல்லோரும் ஓட்டும் பாதையில் படிந்துள்ள ரப்பர், நனைந்தவுடன் வழுக்கும். அதைவிட்டு வெளிப்புறமாகப் போக வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் செமி ஸ்லிக்கைக் கழற்றி வைத்துவிடுவதே புத்திசாலித்தனம்.

கழற்றிய டயரை வைக்கும் இடம் முக்கியம். மொட்டைமாடியில் தார்ப்பாயின்கீழ் போட்டுவைப்பது எங்கும் காணும் வழக்கம். டயரைக் கெடுக்க அதைவிடச் சிறந்த உபாயம் இல்லை. வெயிலும் சூடும் ரப்பரிலுள்ள எண்ணெய்ச் சத்தை வெளியேற்றி அதைக் கெட்டியாக்கும். மின்மோட்டாரும் கம்ப்ரசரும் ஓடும் அறையில் பிறக்கும் ஓசோன் வாயு, பக்கச்சுவரில் நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்கும். கடலோர உப்புக்காற்று ரப்பரைவிட ரிம்மையும் வால்வையும் அரிக்கும். நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்தி, கறுப்புப் பையில் இட்டுக் காற்றை அகற்றிக் கட்டி, வீட்டின் உட்புறத்தில் தரைமட்டத்து இருட்டறையில் வையுங்கள். ரிம்மோடு இருந்தால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம். ரிம் இல்லாவிட்டால் நிறுத்திவைத்து மாதம் ஒருமுறை கொஞ்சம் உருட்டிவிட வேண்டும். பளபளப்புக்காகப் பூசும் டயர் பாலிஷ் அருகில் வரவே கூடாது. டிரெட்டில் ஒரு சொட்டு பட்டாலும் முதல் வளைவில் தெரிந்துவிடும்.

எப்போது கைவிடுவது? சட்டத்துக்கு 1.6 மில்லிமீட்டர்ப் பள்ளம் போதும். பள்ளத்தின் அடியில் உள்ள குறுக்குமேடு டிரெட்டின் மேற்பரப்போடு சமமாகிவிட்டால் அது எட்டிவிட்டது என்று பொருள். ஆனால் தளத்தில் ஓடும் டயர் பெரும்பாலும் பள்ளம் தீருமுன்பே சாரம் தீர்ந்துவிடுகிறது. ஒவ்வொரு முறை சூடேறி ஆறும்போதும் ரப்பர் சிறிது கெட்டிப்படுவதால், நகத்தை அழுத்தினால் முன்பு பதிந்த தழும்பு இப்போது பதியவில்லை, அதே வளைவில் கத்தல் முன்னைவிடச் சீக்கிரம் தொடங்குகிறது என்பவையே முடிவின் அறிகுறிகள். இதை அறிவதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் அவசியம்: தேதி, வெயில், எந்த டயர் எந்தச் சக்கரத்தில் இருந்தது, தொடங்கியபோது எவ்வளவு பவுண்டு, இறங்கியபோது எவ்வளவு, மூன்று இடத்து உஷ்ணம், பள்ளத்தின் ஆழம். முன்னும் பின்னும் ஒரே அளவுள்ள கார்களில், தேய்மானத்தைப் பார்த்து இடம் மாற்றலாம். அளவு வேறுபடும் கார்களிலும், சுழலும் திசை அம்புக்குறியிட்ட டயர்களிலும் அதற்கு வழியில்லை.

தளத்தில் ஓய்ந்த டயரைப் பழைய டயர்க் கடையில் போட்டுவிட்டு வருவது வழக்கமாக இருக்கிறது. பள்ளம் மிச்சமிருக்கும் அந்த டயர், உள்ளே எவ்வளவு வெந்தது என்று அறியாத ஒரு டாக்ஸிக்காரரின் வண்டிக்கு ஏறிவிடக் கூடும். கொடுக்குமுன் பக்கச்சுவரை நான்கு இடங்களில் கத்தியால் அறுத்துவிட்டு, ரப்பர்த்தூள் அரைக்கும் ஆலைக்கு எடுப்பவரிடம் மட்டும் கொடுங்கள்.